முழுநேர மரவேலைக்கு எந்த செயின்சா வாங்கலாம்? அஞ்சு வருஷமாவது தாங்கணும்

ஆலங்குடி_பலாத்தோப்பு

எல்லாருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நானும் என் மச்சானும் மரம் அறுக்கிற வேலையை முழுநேரமா எடுத்துச் செய்யறோம். 2018 நவம்பர் 16 கஜா அடிச்சப்ப எங்க பக்கம் தென்னை, பலா, தேக்குன்னு தோப்பு தோப்பா சாஞ்சு கெடந்துச்சு. வெளியூர்ல இருந்து மிஷினோட வந்தவங்ககிட்ட கூலிக்கு நின்னு கத்துக்கிட்டதுதான் இந்தத் தொழில். அதுவரைக்கும் எங்களுக்குக் கோடாரியும் ரெட்டையாள் ரம்பமும்தான்.

சொந்தமா வாங்கினது ஆன்லைன்ல பத்தாயிரத்துக்குள்ள வந்த 58 சிசி மிஷின். முதல் மிஷின் பதினாலு மாசம் ஓடுச்சு. ரெண்டாவது எட்டு மாசம்கூடத் தாங்கல. போன வாரம் ஒரு புளியமரத்து அடியை அறுத்துக்கிட்டிருந்தேன். சத்தம் திடீர்னு மெலிஞ்சு கீச்சுன்னு ஏறுச்சு, அப்புறம் கப்புன்னு நின்னுடுச்சு. கயிறு இழுத்தா அசையல. சைலன்சரைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தா, பிஸ்டன் மேல நகத்தால பிராண்டின மாதிரி மேலயிருந்து கீழ வரைக்கும் கோடு கோடா இருக்கு.

மாசத்துல இருபது நாள் வேலை இருக்கு. தென்னை அதிகம். புளி, வேம்பு, தைலமரம், அப்பப்ப சவுக்குத் தோப்பு. கையில 55 ஆயிரம் வரைக்கும் புரட்டலாம். ஸ்டில் எம்எஸ் 382-ன்னு ஒருத்தர் சொல்றாரு, ஹஸ்க்வர்னா 365-ன்னு இன்னொருத்தர். மச்சான் "அந்தக் காசுக்கு 58 சிசி அஞ்சு வாங்கிடலாம்"னு சொல்றான். வருஷக்கணக்கா ஓட்டினவங்க சொல்லுங்க.

பட்டறை_புதுக்கோட்டை

தம்பி, நான் பதினேழு வருஷமா இந்த மிஷினுங்களைப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கேன். கம்பெனி பேரை அப்புறம் பார்ப்போம். பிஸ்டன், ஆயில் சீல், கார்பரேட்டர் டயாஃப்ரம், ஆயில் பம்ப், கிளட்ச் டிரம், இந்த அஞ்சும் உங்க ஊர்லயிருந்து ஒரு மணி நேரத்துல எந்தக் கடையில கிடைக்கும்? அதை முதல்ல விசாரிங்க. உலகத்துலயே நல்ல மிஷினா இருந்தாலும் ஒரு ஆயில் சீலுக்குப் பத்து நாள் காத்துக்கிடந்தா உங்களுக்கு அது நல்ல மிஷின் இல்ல.

அடுத்தது மிஷினோட கட்டுமானம். வீட்டு உபயோகத்துக்குன்னு வர்ற மிஷின்ல பெரும்பாலும் உடம்பே பிளாஸ்டிக்கா இருக்கும், அதுக்குள்ள எஞ்சினைத் தனியா ஒரு பெட்டி மாதிரி வச்சு இறுக்கியிருப்பான். கிராங்க் பேரிங் மேல பாதி சிலிண்டர், கீழ பாதி ஒரு தட்டு, நடுவுல சீலண்ட். ஒரு பிஸ்டன் மாத்தணும்னாலும் மொத்த எஞ்சினையும் வெளிய எடுக்கணும். ஸ்டில்லோட எம்எஸ் 180, எம்எஸ் 250 எல்லாம் அந்த வகை. மோசம்னு சொல்லல, அதுக்குன்னு வேலை இருக்கு.

தொழில்முறை மிஷின்ல கிராங்க் கேஸ் மக்னீசியம் வார்ப்பு, நெட்டுவாக்குல ரெண்டு பாதி. சிலிண்டர் மேல தனியா உக்காந்திருக்கும். நாலு போல்ட்டைக் கழட்டினா சிலிண்டர் கையோட வந்துடும், மதியச் சாப்பாட்டுக்குள்ள பிஸ்டன் மாத்திடலாம். 382, 365 ரெண்டும் இந்தக் கட்டுமானம்தான். 382 பழைய 038 வழியில வந்த மிஷின், 72.2 சிசி, 3.9 கிலோவாட். இப்ப வர்ற 365, 70.7 சிசி, 3.6 கிலோவாட். ரெண்டுலயும் பாருக்கு, அதாவது செயின் சுத்தி ஓடற நீளத் தகட்டுக்கு, போற ஆயிலைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருக்கு. நம்ம ஊர்ல நல்லாக் காஞ்ச புளியை அறுக்கும்போது அந்தத் திருகோட அருமை தெரியும்.

58 சிசி பத்தியும் நேர்மையா சொல்லணும். அதுலயும் கேஸ் உலோகம்தான். பேரிங், சீல், சிலிண்டர் உள்பூச்சு இதுலதான் விலையைக் குறைச்சிருக்கான். ஒரே பெட்டியில ஒரே பேர்ல வர்ற ரெண்டு மிஷினுக்குக்கூட பாகம் ஒண்ணுக்கொண்ணு சேராது, நான் மாட்டிப் பார்த்து அவதிப்பட்டிருக்கேன்.

உங்க மிஷின் செத்ததுக்கு நீங்க சொன்ன அந்தக் கீச்சு சத்தமே சாட்சி. பெட்ரோல் குறைஞ்சு காத்து அதிகமாப் போச்சு. சீல் தேய்ஞ்சோ, கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் வெடிச்சோ காத்து உள்ள புகுந்திருக்கும். ரெண்டு நாள் முன்னாடியே அடையாளம் காட்டியிருக்கணுமே, விசையை விட்டாலும் ரேஸ் உடனே இறங்காம தொங்குச்சா?

ஆலங்குடி_பலாத்தோப்பு

ஆமாண்ணே! விட்டதுக்கப்புறமும் அஞ்சாறு நொடி அப்படியே கத்திக்கிட்டு இருந்துச்சு. நல்லா இழுக்குதுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன்.

பட்டறை_புதுக்கோட்டை

அன்னிக்கே நிறுத்தியிருந்தா ஒரு ரப்பரோட போயிருக்கும்.

காங்கயம்_கொரங்காடு

வணக்கமுங்க. நான் மறுத்துச் சொல்றேன்னு நினைக்க வேண்டாமுங்க. என்கிட்ட அதே 58 சிசி ஏழு வருஷமா இருக்குது. வேலியோரத்துல கிளை கழிக்க, மாட்டுக் கொட்டாய்க்கு வேலாமரம் அறுக்க, சீமைக்கருவேலம் கழிக்க. வருஷத்துல இருபது நாளு ஓடுமுங்க. ஒரு பிளக், ரெண்டு செயின், அவ்ளோதான் மாத்தினது. எங்களை மாதிரி விவசாயி ஐம்பதாயிரம் போட்டு மிஷின் வாங்கி எரவானத்துல மாட்டி வெக்கறதுல என்னங்க நியாயம்? தம்பிக்கு மாசத்துக்கு இருபது நாளு, எனக்கு வருஷத்துக்கு இருபது நாளு. அந்த வித்தியாசத்தையும் பதிவுல சேத்துச் சொன்னா புதுசா படிக்கறவங்களுக்கு உபயோகமாங்க.

பட்டறை_புதுக்கோட்டை

முழுக்க ஒத்துக்கறேங்க ஐயா. நீங்க சொல்ற வேலைக்கு 382 தேவையே இல்ல.

தாம்பரம்_வடம்

சென்னையில மரம் அகற்றும் வேலை எடுத்துச் செய்யறேன். 2016 டிசம்பர் 12 வர்தாவுக்கு அப்புறம் ஒரு மாசம் தூங்கவே இல்ல, அந்த ஒரு மாசத்துல மிஷினைப் பத்திக் கத்துக்கிட்டது அதுக்கு முந்தி அஞ்சு வருஷத்துல கத்துக்கல.

ஒரே பெரிய மிஷின் வாங்காதீங்க தம்பி, ரெண்டா வாங்குங்க. மரத்தோட வேலையில அடிமரம் அறுக்கிற நேரம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் கொப்பு கழிக்கிறது, துண்டு போடறது. 382 வெறும் மிஷினே 6.2 கிலோ. பார், செயின், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்தா எட்டுக்கு மேல வரும். அதைத் தூக்கிக்கிட்டு நாள் முழுக்க விரல் கனத்துக் கிளையை அறுத்தா சாயங்காலம் தோள் விட்டுப்போகும். தோள் விட்டுப்போன ஆள்தான் தப்பு பண்ணுவான். கிளைக்கு எம்எஸ் 250 மாதிரி 45 சிசி போதும், 4.6 கிலோதான். பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி அது பெட்டி எஞ்சின்தான், ஆனா அதோட வேலையை மட்டும் அதுகிட்ட வாங்கினா வருஷக்கணக்குல நிக்கும். அதை வச்சு ரெண்டடி புளியை அறுத்தாதான் சீக்கிரம் சாகும்.

பார் நீளத்துலயும் ஆசைப்படாதீங்க. 382-க்கு 20 இஞ்ச் போடுங்க. ரெண்டு பக்கமும் சுத்தி வந்து அறுக்கத் தெரிஞ்சா அந்த 20 இஞ்ச் பாரால மூணடி விட்டத்தைத் தாராளமா இறக்கலாம். 25, 30 இஞ்ச் போட்டா அவ்வளவு செயினையும் இழுக்க எஞ்சின் திணறும், நீங்க மேல சாஞ்சு அமுக்குவீங்க, அதுல போறது கிளட்ச்.

புயல் மரம் பத்தி ஒரு விஷயம், இங்க எழுதியே ஆகணும். வேரோட சாஞ்ச மரத்துல தூரை ஒட்டி அறுத்ததும் வேர்மண் தட்டு திரும்ப எழுந்து குழிக்குள்ள உக்காரும். கோடம்பாக்கத்துல ஒரு தூங்குமூஞ்சி மரம். அறுத்து முடிச்சதும் மூணடி அடிமரத்தோட அந்தத் தட்டு அப்படியே நட்டுக்கிட்டு நின்னுச்சு. பத்து நிமிஷம் முன்னாடி அந்தக் குழி ஓரத்துல எங்க பையன் ஒருத்தன் உக்காந்து தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தான். அன்னிக்குக் கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. அப்படி மரத்துல வேர்த்தட்டுப் பக்கம் யாரையும் விடாதீங்க. வளைஞ்சு முறுக்கிக்கிட்டு இருக்கிற கொப்புல அமுங்கி இருக்கிற பக்கம் முதல்ல கொஞ்சம் அறுங்க, இழுபட்டு இருக்கிற பக்கம் கடைசியில.

சவுக்குக்காடு

நான் 365 ஓட்டறேன், நாலாவது வருஷம். பிஸ்டன் இன்னும் கம்பெனியில வந்ததுதான். எங்க ஊர்ல அதுக்கு டீலர் இருக்காரு, அதனால அது. 382-ஆ 365-ஆன்னு ராத்திரி முழுக்க யோசிக்கிறதுல அர்த்தம் இல்லீங்க, ரெண்டும் ஒரே வகுப்பு.

ஆயில் கலவைக்குத்தான் ஒரு முடிவு வேணும். ஒருத்தர் லிட்டருக்கு 20 மில்லின்றாரு, ஒருத்தர் 40-ன்றாரு. எங்க ஊர்ல சிலர் "கூட ஊத்து, மிஷின் சாகாது"ன்னு 60 ஊத்தறாங்க.

பட்டறை_புதுக்கோட்டை

20, 30, 40 மூணுமே சரியான கணக்குதான், எந்த ஆயில்ங்கிறதைச் சேர்த்துச் சொல்லாததாலதான் சண்டை.

ஸ்டில் மிஷினுக்கு அவங்க ஆயிலே ஊத்தினா 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. வேற டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊத்தினா 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லின்னு அவங்க கையேட்டுலயே போட்டிருக்கு. ஹஸ்க்வர்னாவுல அவங்க ஆயில் 20 மில்லி, வெளி ஆயில் 33-க்கு 1, லிட்டருக்கு 30 மில்லி. கண்ணளவு வேண்டாம். பத்து ரூபாய் சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க.

60 ஊத்தறவங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஆயில் கூடக்கூட கார்பரேட்டர்ல அதே சின்னத் துளை (ஜெட்) வழியா போற பெட்ரோல் குறையுது, கலவை மெலியுது. கூடவே எரியாத ஆயில் சைலன்சர் வாயில கரியா அடையும். பிளக் கருப்பாகும்.

கடலோரத்து ஆளுங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மல்லிப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்துலயிருந்து வர்ற மிஷின்ல போட் எஞ்சினுக்கு விக்கிற டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊத்தி வந்ததைப் பார்த்திருக்கேன். அது தண்ணியால குளிர்ற எஞ்சினுக்கானது. நம்ம மிஷின் காத்துல குளிர்றது, சூடு ரொம்ப அதிகம். அந்த ஆயில் இதுக்கு ஆகவே ஆகாது.

அடுத்தது பெட்ரோல். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஹஸ்க்வர்னா கையேடுகள்ல 10 சதவீதம் வரைக்கும்னுதான் போட்டிருப்பாங்க. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், கேன்ல நாள்பட வச்சா தண்ணியோட சேர்ந்து அடியில தங்கிடும். டூ ஸ்ட்ரோக் ஆயில் மேல நிக்கிற பெட்ரோலோட போயிடும். அடியில இருக்கிறதை மிஷின் உறிஞ்சினா ஆயிலே இல்லாம ஓடுது. கார்பரேட்டர் டயாஃப்ரமும் விறைச்சுப்போகும். அதனால நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்கறது இதுதான்: ஒரு வாரத்துக்கு ஆகிற அளவுக்கு மட்டும் கலங்க. வேலை இல்லாத மழைக்காலத்துல டேங்க்கைக் காலி பண்ணி, மிஷினைத் தானா நிக்கிற வரைக்கும் ஓட்டிட்டு வைங்க. எத்தனால்ல கலவை மெலியறதுனால எச் திருகை, அதாவது கார்பரேட்டர்ல முழு வேகத்துக்குப் பெட்ரோல் அளவு வைக்கிற திருகை, கொஞ்சம் திறந்து வைக்கணும், அது தெரிஞ்ச கையில செய்யுங்க.

ஏற்காடு_மிளகுக்கொடி

மலையில இருக்கிறவங்க சார்பா ஒண்ணு சேர்க்கறேன். காபித் தோட்டத்துல நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் மரத்துல மழைக்கு முன்னாடி கிளை கழிப்போம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்க காத்து மெலிசு. சேலத்துல டியூன் பண்ணின மிஷின் இங்க வந்ததும் புகை விட்டு மந்தமாகும், பெட்ரோல் அதிகமாத் தெரியும். சரின்னு இங்க எச் திருகை இறுக்கி சரி பண்ணுவாங்க. அதே மிஷினை அப்படியே கீழ கொண்டுபோய் சமவெளியில அறுத்தா கலவை மெலிஞ்சு பிஸ்டன் பிடிக்கும். எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அப்படித்தான் அயோத்தியாப்பட்டணத்துல ஒரே நாள்ல மிஷினை இழந்தான். மலை ஏறி இறங்கி வேலை செய்யறவங்க ரெண்டு இடத்துக்கும் திருகு எவ்வளவுன்னு குறிச்சு வச்சுக்குங்க.

தானா டியூன் பண்ணிக்கிற எலக்ட்ரானிக் கார்பரேட்டர் மிஷின் இந்தத் தொல்லைக்கு நல்ல மருந்துதான். ஆனா பழுதானா கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கணும், அது எங்க மலையில இல்ல.

இன்னொண்ணு, மலைப்பகுதியில சொந்த நிலத்து மரமா இருந்தாலும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கணும். கூலிக்கு அறுக்கிற நாமதான் மிஷினோட மாட்டுவோம், தோட்டக்காரர்கிட்ட காகிதத்தைக் கண்ணால பார்த்துட்டு கயிறை இழுங்க.

ஆலங்குடி_பலாத்தோப்பு

சமவெளியில பனைக்கும் அப்படித்தான் அண்ணே. 2021 வேளாண் பட்ஜெட்ல கலெக்டர் அனுமதி இல்லாம பனை வெட்டக்கூடாதுன்னு அறிவிச்சதுலயிருந்து நாங்க பனையைத் தொடறதே இல்ல.

வன்னி_பாலைமரம்

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். இஞ்ச 2019-இல செயின்சோ வச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் பதியவேணும் எண்டு அரசாங்கம் சொன்னது. அதால நாங்கள் வாங்கேக்கையே சீரியல் நம்பர், பற்றுச்சீட்டு எல்லாம் கவனமாப் பாப்பம். உங்களுக்கும் அது உதவும், ஏனெண்டால் பெரிய கொம்பனி பேர் ஒட்டின போலி மிஷினுகள் கனக்க வருது. ஸ்டிக்கரை நம்பாதேங்கோ. உடம்பில குத்தின நம்பரைப் பாருங்கோ.

எங்கட மரங்களில இருக்கிற பிரச்சினை வேற. யுத்தகாலத்து ஷெல் துண்டும் ரவையும் மரத்துக்குள்ள போய், மேல பட்டை மூடி வளந்திட்டுது. வெளியால ஒண்டும் தெரியாது. போன மாசம் ஒரு வேம்பு அறுக்கேக்க மரத்தூள் வெள்ளையா வந்துகொண்டிருந்தது திடீரெண்டு கருநீலமா மாறிச்சுது. உடன விசையை விட்டிட்டன். உளி வச்சுக் கிண்டிப் பாத்தால் நாலு விரல் ஆழத்தில பெருவிரல் அளவு இரும்புத் துண்டு. இரும்பு கிடந்து துருப்பிடிச்சால் மரத்தின்ர துவர்ப்புச் சாறோட சேந்து அந்த நிறம் வரும். அறுக்கேக்க கண் மரத்தூளிலதான் இருக்கவேணும். ரோட்டோரப் புளியில விளம்பரத் தகடு அடிச்ச ஆணிக்கும் இதே அடையாளம்தான்.

பாலை மரம் அறுக்கிறனீங்கள் எண்டால் பல்லின்ர மூலை கூரா இருக்கிற முழுக்கூர் செயின் வேண்டாம், மூலை உருண்ட செயின் போடுங்கோ. கொஞ்சம் மெதுவா அறுக்கும், ஆனால் கூர் நிக்கும்.

அரம்_5.2

வன்னி அண்ணன் செயினைத் தொட்டதுனால நானும் வர்றேன். இவ்வளவு நேரம் எஞ்சினைப் பத்தியே பேசினோம். என் அனுபவத்துல எஞ்சினைச் சாகடிக்கிறதே மொக்கைச் செயின்தான். கூர் போனதும் ஆள் அமுக்கறான், அமுக்கினா எஞ்சின் திணறுது, சூடாகுது, கிளட்ச் வழுக்குது, பார் நீலம் பூக்குது. கடைசியில "கம்பெனி சரியில்ல"ன்னு சொல்றோம்.

எப்ப தீட்டணும்னு மரத்தூளே சொல்லிடும். செதில் செதிலா, அவல் மாதிரி விழுந்தா கூர் இருக்கு. கோலமாவு மாதிரி விழுந்தா அப்பவே நிறுத்திடணும். எனக்கு அந்த நிலைமையே வராது, ஏன்னா ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊத்தும்போதும் ஒரு பல்லுக்கு ரெண்டு, மூணு இழுப்பு அரம் போட்டுடுவேன். அஞ்சு நிமிஷ வேலை. மிஷினுக்கும் ஓய்வு.

அரம் அளவு: 382, 365 ரெண்டுக்கும் 3/8 செயின் (கண்ணி இடைவெளி, இஞ்ச் கணக்குல). ஸ்டில் செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் அரம், ஒரிகான் கம்பெனி 3/8-க்கு 5.5. எம்எஸ் 250-க்கு வர்ற .325 செயினுக்கு 4.8. எம்எஸ் 180-ல வர்ற சின்ன 3/8-க்கு 4. தப்பான அளவு அரம் போட்டா பல்லோட கொக்கி வடிவமே போயிடும். கோணம் 30 டிகிரி, பல் மேலயே கோடு போட்டிருக்கும், அதைப் பார்த்து அரத்தைப் பிடிங்க. உள்ளேயிருந்து வெளிய மட்டும் தள்ளணும், திரும்ப இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக்கூடாது. பல்லுக்கு முன்னாடி சின்ன மூக்கு மாதிரி நிக்குதே, டெப்த் கேஜ், அது பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வா இருக்கணும். நாலஞ்சு தீட்டலுக்கு ஒருதடவை தட்டை அரத்தால இறக்குங்க. பல்லு தேயத்தேய மூக்கை இறக்காம விட்டா எவ்வளவு கூரா இருந்தாலும் மரத்தைத் தடவிக்கிட்டே போகும். அதிகமா இறக்கினாலும் ஆபத்து, உதறி அடிக்கும்.

இந்தப் பல்லோட வடிவம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. அமெரிக்காவுல ஒரிகான் மாநிலத்துல ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ்னு ஒரு மரவெட்டி, 1946-ல ஒரு மரத்துண்டுக்குள்ள வண்டுப்புழு தின்னுக்கிட்டே போறதைக் கவனிச்சாரு. அது நார் ஓட்டத்தோட போனாலும் குறுக்க போனாலும் இடமும் வலமுமா மாத்தி மாத்திக் கடிச்சுச் சுலபமாப் போச்சாம். அதைப் பார்த்துத்தான் இடப்பல், வலப்பல்னு மாறிமாறி வர்ற இந்தச் செயினைச் செஞ்சாரு. நான் அரம் போடும்போதெல்லாம் அந்தப் புழுவை நினைச்சுக்குவேன்.

தென்னை பத்தி: மத்த மரத்துல நடுவுல வைரம். தென்னையில வெளிச்சுத்துதான் கல்லு மாதிரி இருக்கும், நடு மெத்துன்னு இருக்கும். பட்டை வெடிப்புலயும் தூரைச் சுத்தியும் மணல் வேற. அதனால அறுக்கிற இடத்தை அருவாளால செதுக்கிட்டு, விளக்குமாறால தட்டிட்டு அறுங்க. நார் செயினை ஓட்டற பல்சக்கரத்துல (ஸ்ப்ராக்கெட்) போய்ச் சுத்திக்கும். மதியம் ஒருதடவை கவரைக் கழட்டிச் சுத்தம் பண்ணலைன்னா பாருக்கு ஆயில் போற துளை அடைச்சுடும்.

சவுக்குக்காடு

பாருக்கு வண்டியில வடிச்ச பழைய ஆயில் ஊத்தலாமா? இங்க எல்லாரும் அதான் பண்றாங்க. நானும் ஊத்தியிருக்கேன்.

பட்டறை_புதுக்கோட்டை

ஊத்தாதீங்க. அதுல இருக்கிற உலோகத்தூள் ஆயில் பம்பைத் தின்னுடும். பிசுக்கும் இல்லாததால பார் முனையில வீசிட்டுப் போயிடும். வீசினது உங்க கை, முகம், மூக்குக்குள்ள. பழைய எஞ்சின் ஆயில் தோல்ல தொடர்ந்து படறது புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.

பம்ப் ஒழுங்கா இருக்கான்னு பார்க்க ஒரு வழி சொல்றேன். ரெண்டு டேங்க்கும் ரொப்பிட்டு அறுங்க. பெட்ரோல் தீரும்போது செயின் ஆயிலும் கிட்டத்தட்ட அடிக்கு வந்திருக்கணும். பாதி மிச்சம் இருந்தா எங்கேயோ அடைப்பு.

பேராவூரணி_வீட்டுக்கணக்கு

அண்ணன்மாருக்கு வணக்கம். நான் மிஷின் ஓட்டறதில்ல. எங்க வீட்டுக்காரர் ஓட்டறாரு, கணக்கு நான் எழுதறேன். இவ்வளவு பேர் எழுதியிருக்கீங்க, காலைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை எழுதலையேன்னுதான் வந்தேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ரப்பர் செருப்போட ஒரு தென்னையைத் துண்டு போட்டுக்கிட்டிருந்தாரு. அறுத்து முடிச்சாச்சு. விசையை விட்டுட்டு மிஷினைத் தொடைப்பக்கமா இறக்கியிருக்காரு, செயின் இன்னும் சுத்தி நிக்கல. இருபத்திரெண்டு தையல். நாலு மாசம் வேலை இல்ல. அந்த நாலு மாசத்துக்கு வட்டிக்கு வாங்கினது புது மிஷின் விலையைவிட அதிகம்.

இப்ப தொடையை மூடற பாதுகாப்புக் கால்சட்டை போடறாரு. உள்ள நீளநீளமா நூல் அடுக்கு இருக்கு, செயின் பட்டா அந்த நூல் உருவிக்கிட்டுப் போய் ஸ்ப்ராக்கெட்ல சுத்தி மிஷினை நிறுத்திடும். வெக்கையா இருக்கு, வேர்வை கொட்டுதுன்னு சொல்வாரு. காலையில சோத்துத் தூக்கோட அதையும் எடுத்து வைக்கிறது என் வேலை. தம்பி, உங்க 55 ஆயிரத்துல மிஷினுக்கு 55 ஆயிரமும் போட்டுடாதீங்க. கால்சட்டை, பூட்ஸ், முகத்துக்கு வலை வச்ச ஹெல்மெட், காதுக்கு மூடி, இதுக்குத் தனியா எடுத்து வைங்க. உங்களுக்கும் மச்சானுக்கும் ரெண்டு செட்.

தாம்பரம்_வடம்

தங்கச்சி சொன்னது சரி. நான் எழுதியிருக்கணும், விட்டுட்டேன். ஒவ்வொரு அறுப்பு முடிஞ்சு காலை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி செயின் பிரேக்கை முன்னால தள்ளுங்க. இடக்கை மணிக்கட்டைத் திருப்பினாலே போதும். அப்புறம் பார் முனையோட மேல்பாதி எதையும் தொடவே கூடாது. அந்த இடம் ஒரு கொப்புல பட்டா மிஷின் முகத்தைப் பார்க்க எகிறும், கண் இமைக்கிற நேரம்கூட இருக்காது.

ஆலங்குடி_பலாத்தோப்பு

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிவையும் மச்சானுக்கு வாசிச்சுக் காட்டினேன்.

எங்களுக்கு 382-க்குப் பாகம் புதுக்கோட்டையிலயே கிடைக்குது. கடைக்காரர்கிட்ட நேராவே "ஆயில் சீல் இருக்கா, காட்டுங்க"ன்னு கேட்டேன், உள்ளேயிருந்து எடுத்துட்டு வந்து மேஜை மேல வச்சாரு. அதனால 382, 20 இஞ்ச் பார். கிளைக்கு ஒரு பழைய எம்எஸ் 250 பார்த்தோம். சைலன்சரைக் கழட்டி பிஸ்டனைப் பார்த்தேன், பளபளன்னு கோடு இல்லாம இருந்துச்சு. கயிற்றுப் பிடியைப் பிடிச்சு மிஷினைத் தொங்கவிட்டேன், சடசடன்னு இறங்காம தத்தித் தத்தி மெதுவா இறங்குச்சு, எஞ்சின்ல அழுத்தம் நல்லா இருக்குன்னு அர்த்தம். அதனால எடுத்துட்டோம். கையில இருந்தது பத்தல, கால்சட்டை ரெண்டு செட்டும் சேர்த்து ஆறாயிரம் கடன். அக்கா, உங்க பதிவைப் படிச்சதுக்கு அப்புறம் அந்தக் கடன் பெருசாத் தெரியல.

நேத்து வடகாட்டுல காய்ப்பு நின்ன பலா ஒண்ணு அறுத்தோம். மஞ்சமஞ்சேளுன்னு செதில் விழுந்துச்சு. பெட்ரோல் தீர்ந்தப்ப ஆயில் டேங்க்ல அடியில ஒரு விரக்கடைதான் மிச்சம்.

ஒரு சந்தேகம். ஆறேழு தடவை அரம் போட்டாச்சு. இப்ப மிஷின் நேரா இறங்காம வலப்பக்கமா வளைஞ்சு வளைஞ்சு அறுக்குது. பார் கோணலா?

அரம்_5.2

புது பார் இவ்வளவு சீக்கிரம் கோணாது தம்பி. வலக்கைப் பழக்கம் உள்ள எல்லாருக்கும் ஒரு பக்கம் பல்லுல அரம் நல்லா அமுங்கும், இன்னொரு பக்கம் அமுங்காது. ஒரு பக்கத்துப் பல் நீளமாயிடும், செயின் அந்தப் பக்கமா இழுக்கும். ஒரு ஸ்கேலை வச்சு எல்லாப் பல்லையும் அளந்து பாருங்க. எது ரொம்பக் குட்டையோ அந்த அளவுக்கு மத்த எல்லாத்தையும் கொண்டுவாங்க. இனிமே எத்தனை இழுப்புன்னு ரெண்டு பக்கமும் எண்ணிப் போடுங்க. அப்படியே பாரையும் தலைகீழாத் திருப்பி மாட்டிடுங்க, ஒரே பக்கம் தேயாம இருக்கும்.

ஆலங்குடி_பலாத்தோப்பு

அளந்துட்டேன். வலப்பல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கூட. இன்னிக்கு ராத்திரி உக்கார்றேன்.

பட்டறை_புதுக்கோட்டை

பத்து டேங்க் ஓடினதும் மிஷினை எடுத்துட்டு வா தம்பி. புதுசுல வச்ச டியூன் அதுக்குள்ள மாறியிருக்கும், திரும்ப ஒருதடவை வச்சுத் தர்றேன். வரும்போது ஏர் ஃபில்டரைக் கழுவிடாதே, அப்படியே கொண்டு வா. எவ்வளவு தூசி உள்ள வந்திருக்குன்னு பார்க்கணும்.